பன்னிரண்டாவது வரி

மாலை ஆறு மணி இருக்கும். எண்பத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மாதம். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துப் பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை... பக்கத்தில் நிற்கிறவன் முகம்கூடத் தெரியாத மூடுபனி. தோட்டத்து ஆபீஸில் மட்டும் ஒரு கம்ப்யூட்டர் வெளிச்சம். அதற்கு முன்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் நாகூர் கனி. வேறு யாருமில்லை, நம்ம பலசரக்குக் கடை அல்லா பிச்சையின் தங்கச்சி மாப்பிள்ளைதான். நம்பாதவர்கள் காலையில் கடைக்குப் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

கனிக்குச் சொந்த ஊர் போடி. மதுரையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை. தோட்டத்து மெஷினுக்குப் புது சிஸ்டம் ஏற்ற அன்று காலையில் வந்திருந்தான். மத்தியானம் ஜீப்புக்கார மொக்கையன் சேதி கொண்டுவந்தான். கனியின் மனைவி ரஹ்மத்துன்னிசாவுக்கு வலி எடுத்துவிட்டது, போடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இது மூன்றாவது. கனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கீழே போக ஒரே வழி, அடிவாரத்துச் சிலமலை ஊர் வேலையாட்களை இறக்கிவிடப் போகும் ஆறரை மணி ஜீப்பு. அதை விட்டால் விடிந்துதான்.

அந்த அவசரத்தில் ஒரு தப்புச் செய்தான். மெஷினில் ஜீப்பு ஆட்களின் பட்டியல் இருந்தது. பன்னிரண்டு பேர். கடைசிப் பேர் ஜக்கம்மாள். இரண்டு வருஷமாக அவள் ஒருநாள்கூட வேலைக்கு வந்ததாகக் குறிப்பு இல்லை. செத்த பேரைப் புது சிஸ்டத்துக்கு எதற்குச் சுமந்துபோக வேண்டும்? யாரிடமும் கேட்காமல் அழித்துவிட்டான்.

அழித்ததுதான் தாமதம்... கீபோர்டு செத்தது. மவுஸும் செத்தது. காலியான பன்னிரண்டாவது வரியில், எழுத்து விழும் இடத்தைக் காட்டும் சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

கிளார்க் பால்சாமி டீயோடு உள்ளே வந்தார்.

"அண்ணே, ஜக்கம்மாங்கிறது யாரு? பேரு சும்மா கெடந்துச்சு. எடுத்துட்டேன்."

பால்சாமி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தார்.

"என்ன சோலி பாத்துட்ட தம்பி... ரெண்டு வருசத்துக்கு முந்தி நம்ம ஜீப்பு பதினோராவது வளைவுல கவுந்துச்சுல்ல? எல்லாரையும் எடுத்தாச்சு. ஜக்கம்மா கெழவி மட்டும் கெடைக்கவே இல்ல. அன்னையிலருந்து வண்டி எடுக்கும்போது அவ பேரையும் கூப்பிட்டு, ஒரு மூச்சு நேரம் நிப்போம். அவ எடத்துல யாரும் உக்கார மாட்டாக."

"சரிண்ணே, வாயால கூப்பிட்டுக்கங்க."

"பேரு இருக்கிற வரைக்கும்தானப்பா அவ நம்ம ஆளு? பேர அழிச்சுட்டா எந்த மொகத்த வச்சுக் கூப்பிடுறது? வெரசா அவ பேரத் திருப்பிப் போடு. நான் போயி வண்டிய நிப்பாட்டி வைக்கிறேன்."

போய்விட்டார். கனி தனியாள்.

கீபோர்டு வயரைப் பிடுங்கிச் செருகினான். இல்லை. மெஷின் முன்னாலிருந்த கீபோர்டுப் பூட்டைச் சாவி போட்டுத் திருப்பிப் பார்த்தான். இல்லை. பையிலிருந்த வேறு கீபோர்டை மாட்டினான்... அதுவும் இல்லை. கீபோர்டைச் சோதிக்க எப்போதும் தன் பேரைத்தான் அடிப்பான், அது அவன் பழக்கம். ஒவ்வொரு தடவையும் அடித்தான். திரையில் ஒரு எழுத்துகூட விழவில்லை. பழைய ஃபிளாப்பியைப் போட்டுப் பழைய சிஸ்டத்தையே ஏற்றினான். பட்டியல் தானாக வந்து நின்றது. அதே காலி வரி. அதே மினுக்கல்.

மவுஸைக் கவிழ்த்து மூடியைத் திருகி, உள்ளேயிருந்த உருண்டையை எடுத்தான். உருளைகளைச் சுற்றி ஏதோ சிக்கியிருந்தது. நகத்தால் இழுத்தான். முடி... இழுக்க இழுக்க வந்தது, முழங்கை நீளத்துக்கு நரைமுடி. நனைந்திருந்தது. அறை முழுக்கப் பச்சை ஏலக்காயும் ஈர மண்ணும் கலந்த வாசம் ஏறியது. கனி முடியை உதறிவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தான். பயம்தான், வேறென்ன.

வெளியே ஹாரன். ஆறரை.

"யா அல்லா, என் புள்ளயப் பாக்கணும்" என்று வாய்விட்டுச் சொல்லியபடி கடைசியாக ஒருமுறை தன் பேரை அடித்தான்.

டக்... டக்... டக். எழுத்துகள் விழுந்தன.

பன்னிரண்டாவது வரியில் நாகூர் கனி.

உயிர் வந்தது அவனுக்கு. தன் பேரை அழித்து ஜக்கம்மாளைப் போட்டிருக்க வேண்டும். கைகூடப் போனது. அதற்குள் மறுபடி ஹாரன், நீளமாக. பிரிண்டரை ஓடவிட்டு, கிர்ர்ரென்று வந்த தாளைக் கிழித்துக்கொண்டு ஓடினான்.

பால்சாமி தாளை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் படபடவென்று வாசித்தார். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். ஜீப்பின் பின்வாசலோரம் ஒரே ஒரு இடம்தான் காலி. கனி தாவி ஏறி உட்கார்ந்தான். இருக்கை சொதசொதவென்று ஈரம்.

"நாகூர் கனி..." என்று வாசித்த பிறகுதான் பால்சாமிக்குத் தான் என்ன வாசித்தோம் என்று உறைத்தது.

கனி யோசிக்கவேயில்லை. "வந்துட்டேன்" என்றான்.

டார்ச் அணைந்தது. மொக்கையன் வண்டியை எடுத்தான். பதினோராவது வளைவில் கனியின் தோளை யாரோ உரசிக்கொண்டு இறங்கினமாதிரி இருந்தது... வண்டி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளை பிறந்திருந்தது. பெண் பிள்ளை. தாயும் சேயும் சுகம். கனி அழுதுவிட்டான். சந்தோஷத்தில் மலையை மறந்தும் போனான்.

மறுநாள் பால்சாமி கனியின் பேரை அழிக்கப் பார்த்தார். மற்ற பதினொரு வரியிலும் சொன்னபடி கேட்ட கீபோர்டு, அந்த வரிக்கு வந்ததும் செத்தது. பட்டியலில் உள்ள பேரைக் கூப்பிடாமல் வண்டி எடுக்க யாருக்கும் துணிவில்லை. தினமும் கூப்பிட்டார்கள்.

இங்கே போடியில், ஆறரை மணியானால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, பேசிக்கொண்டிருந்தாலும் சரி, கனியின் வாய் தானாகச் சொல்லும். "வந்துட்டேன்."

"ஏங்க, யாருக்குப் பதில் சொல்றீக?" என்று கேட்டுக் கேட்டு ரஹ்மத்துன்னிசா ஓய்ந்துபோனாள்.

நாற்பதாவது நாள் கனி ஒரு முடிவோடு உட்கார்ந்தான். இன்றைக்குச் சொல்வதில்லை. துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டான். ஆறரை அடித்தது. தொண்டை ஏறி இறங்கியது, கண்ணில் நீர் கொட்டியது. சொல்லவில்லை.

வீடு அமைதியாக இருந்தது... ஒரு மூச்சு நேரம்.

"வந்துட்டேன்."

தொட்டிலுக்குள்ளிருந்து.

ரஹ்மத்துன்னிசா ஓடிப்போய்த் துணியை விலக்கினாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் சுண்டுவிரலில் ஒரு நரைமுடி சுற்றியிருந்தது. ஈரமாக.