ஏழாவது ஆள் வரட்டும்

மேடையில் அமர்ந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, பாதிரியார் அவர்களே, இமாம் அவர்களே, போரில் நொறுங்கிய நம் லைபீரியாவை மீண்டும் கட்ட நிதி தரும் ஏழு நாடுகளின் பிரதிநிதிகளே, லோஃபா மாவட்டத்திலிருந்து லாரியில் குலுங்கிக் குலுங்கி மன்ரோவியா வந்து சேர்ந்திருக்கும் வோசாம்பா ஊர்த் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் எஞ்சினியர் டொக்பா. பாலம் கட்டுகிறவன். மைக் முன்னால் நின்று பழக்கமில்லை. அழத் தெரிந்தவர்கள் எனக்கு முன்னால் பேசி அழுதுவிட்டார்கள். எனக்குக் கோபப்படத்தான் தெரியும். இன்று கொஞ்சம் கோபமாகவே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரை இழந்துவிட்டு இங்கே கூடியிருக்கிறோம்? மறுகட்டமைப்புக் கூட்டு நிதியத்தின் செயலாளர் லோர்பு கெசெலி அம்மையாரை! ஏழு நாடுகளின் பிடிவாதத்தை ஒற்றை ஆளாகச் சமாளித்த லோர்பு கெசெலி அம்மையாரை!

போர் ஓய்ந்த முதல் சில ஆண்டுகளில் வோசாம்பாவுக்கு உதவி வரவில்லையா? வந்தது. ஒரு நாடு கிணறு வெட்டியது. இன்னொரு நாடு முப்பது அடி தள்ளி இன்னொரு கிணறு வெட்டியது. மூன்றாவது நாடு பள்ளிக்கூடம் கட்டியது, நான்காவது நாடு அதே பிள்ளைகளுக்கு இன்னொரு பள்ளிக்கூடம் கட்டியது. இரண்டிலும் வாத்தியார் இல்லை. குண்டு வைத்துத் தகர்த்த பாலம் மட்டும் தகர்ந்தபடியே கிடந்தது. ஏனென்றால் அது எந்த ஒரு நாட்டாலும் தனியாகக் கட்டக்கூடிய வேலை இல்லை. ஊர் அந்தக் கரையில், ஆஸ்பத்திரி இந்தக் கரையில். மழைக்காலத்தில் ஆற்றைத் தாண்ட முடியாமல் எத்தனை பேரைக் கரையிலேயே பறிகொடுத்தோம்! இந்தத் தாய்மார்களைக் கேளுங்கள், பெயர் சொல்லிச் சொல்வார்கள்.

அப்போதுதான் லோர்பு அம்மையார் ஏழு நாட்டுக்காரர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

“எங்க வீட்ல ஒரே தட்டுல சோத்தப் போட்டு, சுத்தி உக்காந்து சாப்பிடுவோம். இந்தப் பருக்க என்னுது, அந்தப் பருக்க உன்னுதுன்னு யாரும் கொடி நட மாட்டோம். நீங்களும் காச ஒரே சட்டியில கொட்டுங்க. என்ன சமைக்கணும்னு எங்களோட உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க.”

அப்படிப் பிறந்ததுதான் கூட்டு நிதியம். தனிக் கொடி கிடையாது, தனிப் பெயர் கிடையாது. எந்த வேலைக்கும் ஏழு கையெழுத்தும் வேண்டும். முதல் வேலை வோசாம்பா பாலம் என்று பேசினோம்.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரு நாட்டின் பிரதிநிதி, நல்ல மனிதர், பெயர் வேண்டாம், தன் நாட்டுப் பெயரில் பலகை வைக்காவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மல்லுக்கு நின்றார். மழைக்கு முன்னால் அனுமதி வாங்க வேண்டுமே என்று நான் பயந்துபோனேன். அவருக்கு ஒன்று வைத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஏழு பேருக்கும் ஏழு பலகை நட்டுவிட்டேன். லோர்பு அம்மையார் வந்து பார்த்தார்.

“பாலம் எங்கப்பா டொக்பா?”

“இனிமேதாம்மா கட்டணும்.”

“அப்ப இதெல்லாம் என்ன? எலெக்‌ஷன் வந்துடுச்சா?”

அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த வாரம் போனால் பலகைகள் ஏழையும் காணோம்! வோசாம்பா பெண்கள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். படகுக்காரர் போர்போர் அவற்றை வைத்து ஓட்டைப் படகுக்கு அடிப்பலகையும் உட்காரும் பலகையும் அடித்து முடித்திருந்தார். வார்னிஷ் அடித்த நல்ல மரம், குறை சொல்லக் கூடாது.

அனுமதிக் கூட்டத்தை அம்மையார் மன்ரோவியாவில் நடத்தவில்லை. வோசாம்பாவில்தான் என்று அறிவித்தார். ஏழு பிரதிநிதிகளும் ஏழு ஜீப்பில் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். போர்போர் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். “ஆறு பேருதான். ஏழாவது ஆள் ஏறினா எல்லாரும் மீனுக்குத்தான்.” ஆறு பேர் ஏறினார்கள். கரையில் நின்றுவிட்ட ஏழாமவர் யார் தெரியுமா? பலகை கேட்டாரே, அவரேதான்!

நானும் அம்மையாரும் முன்னமே அக்கரை போய்க் காத்திருந்தோம். படகு வந்து சேர்ந்தபோது அங்கே யாசா என்ற பெண்ணைப் பிரசவ வலியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். திரும்பும் படகில் அவளை ஏற்றினோம். நெடுநேரம் கழித்துப் படகு வந்தது. வெறும் படகு.

“அவர் எங்க?” என்று போர்போரைக் கேட்டேன்.

“அவரு வண்டியிலயே அந்தப் பொண்ண ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாருய்யா. சீட்டெல்லாம் நாசம். மனுஷன் ஒரு வார்த்த சொல்லல.”

மழை பிடித்துக்கொண்டது. மரவள்ளிக் கீரைக் குழம்பும் சோறும் தயாராக இருந்தன. ஆறு பிரதிநிதிகளுக்கும் பசி. ஒருவர் சொன்னார், “ஆறு பேர் இருக்கோமே, ஆரம்பிச்சிடலாமே?”

“ஏழாவது ஆள் வரட்டும்” என்றார் லோர்பு அம்மையார்.

“அம்மா, சோறு ஆறிப் போகுதும்மா,” என்று சமைத்த பெண்கள் புலம்பினார்கள்.

“ஆறட்டும். மூடியத் தொடாதீங்க.”

நான்கு மணி நேரம்! ஒரு பருக்கை உள்ளே போகவில்லை, ஒரு காகிதம் நகரவில்லை. எனக்கே எரிச்சலாக இருந்தது, இப்போது ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் அந்த மனிதர் முழங்கால் வரை சேற்றோடு வந்து இறங்கினார். “பொண்ணு நல்லாருக்கா, பையன் பொறந்திருக்கான்,” என்றார். அம்மையார் தன் கையாலேயே மூடியைத் திறந்தார். சாப்பிட்டு முடித்ததும் முதலில் பேனா கேட்டவர் அவர்தான். அம்மையாருக்குக் குறும்பு தாங்கவில்லை.

“ஒங்க பலகை எங்கேன்னு கேக்கலியே ஐயா?”

“அது மேலதானே உக்காந்து வந்தேன்,” என்றார் அவர்.

மூன்றாவது வரிசையைப் பாருங்கள். நாற்காலியில் ஏறி நிற்கிறானே, அவன்தான் அன்று பிறந்த பையன். பக்கத்தில் யாசா.

நண்பர்களே, இன்று அந்த ஆற்றில் நான்கு தூண்கள் நிற்கின்றன. மேல்தளம் இன்னும் போடவில்லை. சாவதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மையார் எனக்குப் போன் செய்தார். “நாலாவது தூண் எப்படி இருக்கு?” என்றார். “நிக்குதும்மா,” என்றேன். “நின்னா போதுமா? மேல ஆள் நடக்கணும்ல,” என்றார். அதுதான் என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது.

அவரை அடக்கம் செய்து ஒன்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு நாடுகளிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. செயலாளர் போய்விட்டாராம், அதனால் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு தனித்தனியே வேலை செய்யப்போகிறார்களாம். மேடையில் இருக்கும் பிரதிநிதிகளே, உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அன்று படகில் வந்தவர்கள் எல்லோரும் மாற்றலாகிப் போய்விட்டார்கள். நீங்கள் புதியவர்கள், அந்த ஆற்றைப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு எஞ்சினியராகக் கேட்கிறேன். உங்கள் பங்கு போனால் மீதிப் பணத்தில் முக்கால் பாலம் கட்டலாம். முக்கால் பாலத்தில் யார் நடப்பது? அது முடிகிற இடத்தில் யாசாவைப் போன்ற பெண்ணை எங்கே இறக்கிவிடுவது? சொல்லுங்கள்!

லோர்பு கெசெலி அம்மையாருக்குச் சிலை வேண்டாம். தெருவுக்கு அவர் பெயர் வேண்டாம். பலகையே வேண்டாம் என்றவர் அவர்! அவருக்கு நான் கொடுக்கக்கூடியது ஒரே வாக்குத்தான். அந்தச் சட்டியை உடையவிடமாட்டோம்.

நிதியத்தின் அடுத்த கூட்டம் வரும் வியாழக்கிழமை. இடம் வோசாம்பா. பாலம் இல்லை, படகுதான். அதே போர்போர், அதே பலகைகள். இரண்டு பேர் விலகிக்கொண்டால் மீதி ஐந்து பேரும் ஒரே நடையில் வசதியாகப் போய்விடலாம், எனக்கும் வேலை மிச்சம். ஆனால் நாங்கள் இரண்டு நடை விடப்போகிறோம். இந்தத் தாய்மார்கள் ஏழு பேருக்கும் சேர்த்தே உலை வைப்பார்கள். மழை பெய்யட்டும், சோறு ஆறட்டும், இருட்டட்டும். ஏழாவது ஆள் கரையேறும் வரை நாங்கள் மூடியைத் தொடமாட்டோம்.