கன்னத்துல கொஞ்சம் மினுக்கு

அதத் தொறக்காதீங்கம்மா, கையெல்லாம் ஒட்டிக்கும். இல்லீங்க, பவுடர் இல்லீங்க. ஹைலைட்டர்னு சொல்லுவாங்க, மொகத்துக்குப் போடற மினுக்கு. கன்னத்து எலும்பு மேல ஒரு தொடு, மூக்குத் தண்டுல ஒண்ணு, கண்ணு ஓரத்துல பொட்டாட்டம் ஒண்ணு. அவ்வளவுதான். லைட்டுல பாத்தா நல்லாத் தூங்கி எந்திரிச்ச மொகமாட்டத் தெரியும்.

ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்கம்மா. எந்தப் பையனும் இல்ல. காரியம் முடிஞ்ச கையோட புள்ளையோட பெட்டிய எடுக்க வந்துட்டு, இப்படிக் கேக்கறீங்க பாருங்க. இந்துமதி போன்ல பேசுனது உங்ககூடயும், ரீசார்ஜ் முடிஞ்சுதுன்னு சொல்ற பொம்பளைகூடயுந்தான். மொதல்ல இது அவளுதே இல்ல, என்னுது. நான்தான் நேத்து அவ பெட்டிக்குள்ள போட்டேன். என் பக்கத்துல இருக்க வேண்டாம்னு போட்டேன். இருங்க, சொல்றேன். நீங்க அந்தச் சுடிதார மடிங்க.

வேலைக்குப் போறவளுக்கு எதுக்கு மினுக்குன்னா, அதுக்குத்தான் மினுக்கே. நான் பத்தாவதோட நின்னவ. படிக்கப் புடிக்கல, நின்னுட்டேன், அதுல ஒரு கதையும் இல்ல. மொதல்ல நானும் இந்துகூடத் தையல் லைன்லதான் இருந்தேன். மொகம் தொங்கிக் கெடந்தா சூப்பர்வைசர் பழனியம்மாக்கா எல்லாத்துக்கும் முன்னாடி, ஏம்மிணி, ராத்திரி மாப்பிள்ளை ஊட்டுல இருந்து வந்திருந்தாங்களான்னு கேக்கும். லைனே சிரிக்கும். அந்த எரிச்சல்ல வாங்குனது இது. ரீல்ஸ் பாத்துப் பழகுனேன். இந்து சிரிப்பா. எவர்சில்வர் போசியாட்ட மின்னறடீன்னு சொல்லுவா.

ரெண்டு மாசமா என்னை மில்லுப் பக்கம் நைட்டு ஷிப்ட்டுக்கு மாத்திட்டாங்க. அதுல இருந்து இந்தக் கட்டில் எங்க ரெண்டு பேத்துக்கும் ஒண்ணு. ராத்திரி அவளுது, பகல்ல என்னுது. இந்த ஹாஸ்டல் ரூம்ல எட்டுக் கட்டில், பதினாறு பேரு, எல்லாத்துக்கும் இதே கணக்குத்தான். நான் வர்றப்ப அவ எந்திரிப்பா. அவ படுத்த குழியிலயே நான் படுத்துக்குவேன். எந்நேரமும் மெத்தை வெதுவெதுன்னே இருக்கும்.

ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? சித்த கை வெச்சுப் பாருங்க. இங்க, நடுவால. அவ போயிப் பன்னெண்டு நாளாச்சு. ராத்திரிக்கு இன்னும் வேற ஆளப் போடல, கட்டில் சும்மாதான் கெடக்குது. காலையில வந்து நான் கை வெச்சா சுடுதுங்க. வெதுவெதுப்பு இல்ல, சுடுது. காய்ச்சக்காரி எந்திரிச்சுப் போன சூடு.

ஜில்லுனு இருக்குதுங்களா?

சரிங்க. உங்களுக்கு ஜில்லுனு இருந்தாச் சரி.

ஆமாங்க, கண்ணு உள்ள போயிருச்சு. பன்னெண்டு நாளாத் தூங்கல. நேத்து வரைக்கும் இதப் போட்டுட்டுத்தான் போனேன், ஒருத்தரும் கண்டுபுடிக்கல. உன் மொகத்துல கவலையே தெரியலயேடின்னு கூட ஒருத்தி கேட்டா. இன்னைக்குப் போடல. அதான் உங்களுக்குத் தெரியுது.

இல்லீங்கம்மா, அது பொய். ஒடம்புக்கு முடியலன்னு அவ ஒருத்தர்கிட்டயும் சொல்லலன்னு ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்க. சொன்னா. என்கிட்டச் சொன்னா. அவ மேல கோவப்படாதீங்க.

அன்னைக்குக் காய்ச்சல் மூணாம் நாளு. நான் வர்றேன், இவ சுருண்டு கெடக்கறா. வர்ஷினி, இன்னைக்கு லீவு சொல்லிட்டு வந்து படுத்துக்கறேன் டீன்னா. எனக்கு ராத்திரி பூராம் நின்னு காலு ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு. இங்க லீவு வேணும்னா லைனுக்குப் போயி அக்காகிட்ட மொகத்தக் காட்டோணும். மொகம் வாடிக் கெடந்தாத்தான் ரூமுக்குத் திருப்பித் தாட்டி விடும். அவ மொகத்தப் பாத்தா எப்படியும் தாட்டி விட்டுருக்கும். வந்தா இந்தக் கட்டில்லதான் படுப்பா.

அதனால, வாடி மொகத்தக் கழுவி விடறேன், மூணு நாளா நீ பேயாட்ட இருக்கறேன்னு உக்கார வெச்சேன். துடைச்சு விட்டுட்டு இத எடுத்தேன். கன்னம், மூக்கு, கண்ணு ஓரம். எச்சாவே, ஒண்ணுக்கு ரெண்டாவே போட்டேன். அவ கண்ண மூடிட்டுச் சிரிச்சா. உன் கை ஜில்லுனு நல்லா இருக்குது டீ, இன்னும் சித்த நேரம் வெச்சிருன்னா. நான் ஏதோ பாசத்துல பண்றேன்னு நெனைச்சுட்டா.

பழனியம்மாக்காவும் பொய் சொல்லலீங்க. மொகம் பளிச்சுனு இருக்குது, நடிக்காத, போயி உக்காருன்னு சொல்லியிருக்குது. பளிச்சுனுதான் இருந்துச்சு.

அன்னைக்குப் பொழுதோட அவள உங்க ஊருக்குக் கொண்டு வந்து ஆம்புலன்ஸ்ல இருந்து எறக்குனப்பவும் அந்த மினுக்குப் போகல. டெங்குன்னு ஆஸ்பத்திரியில சொன்னதெல்லாம் உங்க காதுலயே ஏறல. நீங்க மாரடிச்சுட்டே சொன்னீங்க, பாருங்க, எம்புள்ள மொகத்துல ஆத்தா வந்து எறங்கிட்டான்னு. சனமெல்லாம் கும்புட்டுச்சு. நானும் உங்களுக்குப் பின்னாடியேதான் நின்னேன். கும்புட்டேன்.

கீழ பாய் போட்டு நான் படுத்திருக்கலாமேங்கறீங்க. ஆமாங்கம்மா, எடம் இருந்துச்சு. பாயும் இருந்துச்சு. எனக்கு மெத்தை வேணும்னு இருந்துச்சு, வேறொண்ணும் இல்ல. அவ செருப்பு மாட்டறதுக்குள்ளயே படுத்துட்டேன்.

அன்னைக்குப் பகல் பதினோரு மணிக்கு வார்டன் வந்து ஒலுக்கி எழுப்புச்சு. இந்து மெசின் மேலயே சாஞ்சுட்டா, தூக்கிட்டு வர்றாங்க, எந்திரீன்னுச்சு. அடச்சே, இங்கதான கொண்டாந்து படுக்க வெப்பாங்கன்னு நெனைச்சேன். நெனைச்சுட்டு, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேனுங்கம்மா.