இருபத்திரண்டு கிலோ ஆப்பிள்

நான் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போனதில்லை. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இருபத்தோரு வருட வேலையில் எத்தனையோ வீடுகளின் படியேறியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கையில் ஒரு பை ஆப்பிள் இருந்திருக்கிறது. அடிபட்டவர்களின் குழந்தைகள் என்னை "ஆப்பிள் மாமா" என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார், மனிதநேய விருதை என் கையில் கொடுத்த அன்று தவிர.

வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். வேண்டாம். மேசைமேல் இருக்கும் அந்த ஒலிப்பதிவுக் கருவியும் எனக்கு இடைஞ்சல் இல்லை. அதோடு பழகியவன்தான் நான். நீங்கள் உள்ளே வந்ததும் எப்படி இருக்கிறீர்கள் என்றீர்கள். நன்றாக இருக்கிறேன் என்றேன். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். என் தொழிலே அந்த ஒரு பதிலை நம்பித்தான் நடந்தது.

எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியில் என் பிரிவுக்கு "நலம் விசாரிப்புப் பிரிவு" என்று பெயர். அந்தப் பெயரை வைக்கப் பெரியவர்கள் ஒன்பது பேர் ஒரு ஓட்டலில் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தார்கள் என்று கேள்வி. நாங்கள் இன்சூர் செய்த வண்டி யார் மேலாவது மோதினால், அடிபட்டவர் வீட்டுக்குப் போய் நலம் விசாரிக்க வேண்டும். விசாரித்ததைக் கம்பெனி பத்திரப்படுத்தும். பிறகு நஷ்ட ஈட்டு வழக்கு வரும்போது அவர் சொன்னதையே அவருக்குப் படித்துக்காட்டும். சட்டத்துக்கு விரோதமாக இதில் எதுவும் கிடையாது. சுவரில் பூங்கொத்துப் படம் போட்ட காலண்டர்கூட மாட்டியிருந்தோம்.

இப்போது அந்த மனிதரின் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் ஒரு மேசை நாற்காலிக் கிடங்கில் சுமை தூக்குபவர். கிடங்கு வாசலில் பின்னோக்கி வந்த லாரி அவரைச் சரக்கு மேடையோடு சேர்த்து அழுத்திவிட்டது. டிரைவர் போனில் பேசிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்திருக்கிறார். நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள். ஆகவே தப்பு யாருடையது என்று வாதாட எங்களுக்கு வழியில்லை. மிஞ்சியது ஒன்றுதான்: அடி அப்படியொன்றும் பெரிதில்லை என்று காட்ட வேண்டும். முதுகெலும்பில் விரிசல். இடுப்பில் பெல்ட், மூன்று மாதம் ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது, வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை. சொன்னபடி கேட்டால் எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்தத் தாளின் நகல் என்னிடம் இருந்தது. கவனமாகப் படித்தேன். அடிபட்டவர்களே அவ்வளவு கவனமாகப் படிப்பதில்லை.

இரண்டாவது மாடியில் வீடு. லிஃப்ட் இல்லை. மனைவி சலவை நிலையத்தில் வேலை பார்ப்பவர். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. இவர்களோடு மனைவியின் அண்ணன் ஒருவர். செருப்புக் கடையில் விற்பனையாளர், பொழுதுபோக்காகச் சட்டமேதை. கோர்ட் வராந்தாவில் ஒருமுறை மழைக்கு ஒதுங்கியதில் அவருக்கு அந்த ஞானம் வந்ததாக அவர் தங்கையே சொன்னார்.

நான் முதல் நாள் போனபோது சட்டமேதை நடு ஹாலில் நின்று ஒரு தாளை ஆட்டிக்கொண்டிருந்தார். யாரோ வக்கீல் அச்சடித்து விநியோகித்த தாள். விபத்தில் அடிபட்டவர்கள் செய்யும் தவறுகள் என்று ஏழு போட்டிருந்தது.

"இதப் பாருங்க மச்சான், ரெண்டாவது தப்பு. எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ்காரன்கிட்ட வாயே திறக்கக்கூடாது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை பேசினீங்க, கேஸ் காலி."

"அண்ணா, வாசல்ல யாரோ நிக்கிறாங்க பாரு," என்றார் தங்கை.

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனி என்றே சொன்னேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. சட்டமேதை ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு ஆப்பிள் பையைப் பார்த்தார். "வாங்க சார், உக்காருங்க, உங்ககிட்ட நான் சட்டப்படி கொஞ்சம் பேசணும்" என்று ஆரம்பித்து, ஒன்றே கால் மணி நேரம் பேசினார். மச்சானுக்குப் பத்து வருடத்துக்கு முன்பே முதுகுப் பிடிப்பு உண்டு என்பது உட்பட.

அதன் பிறகு அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்கள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது அது எனக்கு நேராகத் தெரியும். நன்றாக எழுதியிருந்தார்கள். டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போடுவது முதல் தப்பு. சிகிச்சையைப் பாதியில் விடுவது, சிரித்த முகத்தோடு படம் எடுத்து ஊருக்குக் காட்டுவது, டாக்டர் கூடாது என்றதைச் செய்வது, எல்லாம் இருந்தது. என் வேலையை யாரோ கூடவே இருந்து பார்த்து எழுதியது போல. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் மரியாதையாக நடந்துகொள்வது. நான் கண்டவரைக்கும் பெரும்பாலான வழக்குகள் அதில்தான் போயின.

"எப்படி இருக்கீங்க தம்பி?" என்று கேட்பேன். சட்டைப் பையில் போன் பதிவு செய்துகொண்டிருக்கும்.

"பரவாயில்ல சார். நல்லா இருக்கேன்."

வலியில் நெற்றி வியர்த்திருக்கும். ஆனாலும் வீட்டுக்கு வந்த மனுஷனிடம் வலிக்கிறது என்று யார் சொல்வார்கள்? ஒலிப்பதிவில் நெற்றி தெரியாது.

அவருடைய சிகிச்சை செவ்வாயும் வெள்ளியும் பதினொன்றரைக்கு. நான் செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணிக்குப் போனேன். இருங்கள் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. கிளம்ப வேண்டுமானால் கிளம்புங்கள் தம்பி என்றுதான் சொல்வேன், காபியை ஆற்றிக்கொண்டே. அவர் கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். "இல்ல சார், அவசரமில்ல" என்பார். அப்படி ஒன்பது தடவை போயிற்று. மனைவிதான் ஒரு நாள் சமையலறையிலிருந்து எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"இவருக்கு ஊர்ல வேற நேரமே கிடைக்கலையா? சரியா ஆஸ்பத்திரி நேரத்துக்கே வந்து உக்கார்றாரு."

"மெதுவா பேசும்மா. பெரிய மனுஷர் நம்மளத் தேடி வர்றாரு."

"தேடித்தான் வர்றாரு. எதத் தேடின்னுதான் தெரியல."

அந்த அம்மாவுக்கு மட்டும் எங்கள் பிரிவில் வேலை கொடுத்திருந்தால் எனக்கு விருது கிடைத்திருக்காது.

குழந்தையின் பிறந்தநாளன்று படம் எடுத்தது நான்தான். பெல்ட் சட்டைக்குமேல் துருத்துகிறது, படத்துக்கு நன்றாக இருக்காது என்று தோன்றியதைச் சொன்னேன். கழற்றியது அவர். சிரிக்கச் சொன்னது குழந்தை. அதை ஊரறியப் போட்டது சட்டமேதை. கீழே "எங்கள் சிங்கம் மீண்டும் எழுந்துவிட்டது" என்று ஒரு வாசகம் வேறு. கம்பெனிச் செலவில் ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்தியிருந்தாலும் இவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆனால் மேலாளருக்குத் திருப்தியில்லை. "சிரிச்சா முதுகு சரியாயிடுச்சுன்னு எந்த ஜட்ஜ் ஒத்துக்குவாரு? அவன் எதையாவது தூக்கணும் ஆப்பிள் மாமா," என்றார். கிளம்பும்போது, "மனிதாபிமானத்தோட செய்யுங்க," என்றும் சொன்னார். அந்த மாதம் எங்கள் கோஷம் அது.

நான் யோசித்துத்தான் செய்தேன். ஆத்திரத்தில் செய்த காரியமில்லை. அந்த மனிதர்மேல் எனக்குப் பிரியம்தான். கடைக்குப் போய் ஒரு பெட்டி ஆப்பிள் கேட்டேன். பதினெட்டு கிலோ இருந்தது. இன்னொரு வரிசை அடுக்கச் சொன்னேன். இருபத்திரண்டு ஆயிற்று. எடையைப் பெட்டியின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் எழுதித் தரச் சொன்னேன். கடைக்காரர் ஏன் என்று கேட்டதற்கு, படத்தில் தெரிய வேண்டும் என்றேன். எங்கள் கேமராக்காரர் எதிர்ச் சாரியில் காருக்குள் உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டிடத்தின் படிக்கட்டு தெருவைப் பார்த்துத் திறந்தது. முதல் வளைவு வரை கீழேயிருந்தே தெளிவாகத் தெரியும். அதையும் முந்தைய வாரமே பார்த்து வைத்திருந்தேன்.

வளைவுக்கு ஏழு படி கீழே பெட்டியை இறக்கி வைத்தேன். உட்கார்ந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "தம்பி" என்று கூப்பிட்டேன். ஒரே தடவைதான். மனைவி வேலைக்குப் போயிருந்தார். அதையும் தெரிந்துகொண்டுதான் போயிருந்தேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அந்த உடம்போடு ஓடி வர முடியாது. முகம்தான் ஓடி வந்தது.

"என்ன சார் பண்ணுது? நெஞ்சா? அசையாதீங்க. நான் தண்ணி கொண்டு வரேன்."

"தண்ணி வேணாம் தம்பி. கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும். இந்தப் பெட்டியத்தான் மேல... பாப்பாவுக்குன்னு வாங்கினேன். நான் எடுத்துக்கறேன், விடுங்க." எழுந்திருப்பதுபோல் கையை ஊன்றினேன்.

"நீங்களா? நல்லா இருக்கே. உக்காருங்க சார் பேசாம."

தூக்கினார். தொழில்காரர் அல்லவா, முட்டியை மடக்கி, பெட்டியை உடம்போடு அணைத்து, முறைப்படி தூக்கினார். நான் படிகளை எண்ணினேன். ஐந்தாவது படியில் நின்றார். ஒரு சத்தமும் இல்லை. மெதுவாகக் குனிந்து, பெட்டியை ஆறாவது படியில் வைத்தார். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று நினைத்தேன். கால்கள் மடங்கியிருந்த விதம் உட்காருகிற விதமாக இல்லை.

"சார், காலு எங்க இருக்குன்னே தெரியல," என்றார், ஏதோ சாவியைத் தேடுகிறவர் போல. அடுத்து என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இப்ப தேவலையா?"

தேவலை என்றேன்.

ஆம்புலன்ஸை நான்தான் அழைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அது வருவதற்குள் ஒரு நிமிஷம் கார்வரை போய் வந்தேன். அந்த ஒரு நிமிஷம்தான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. பையில் இருந்த போன் ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். பிறகு வழக்கு வந்தபோது அலுவலகத் தட்டச்சாளர் வெட்டிய பதிவை அனுப்புவதற்குப் பதில் முழுவதையும் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார். "எடுத்தாச்சா?" என்பது என் குரல். "பதினாலு படம் சார். எடை நல்லா தெரியுது. நெஞ்சு வலி பிரமாதம் சார்," என்பது கேமராக்காரர். சிரிப்பது இரண்டு பேரும்.

விரிசல் விட்ட எலும்பு நழுவி நரம்பை அறுத்துவிட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, இனி இருக்கப்போவதுமில்லை. அவருடைய கோரிக்கையைக் கம்பெனி நிராகரித்தது. லாரியால் வந்த காயம் ஏறக்குறைய ஆறிவிட்டது என்பதற்கு என் ஒலிப்பதிவுகள், சிரித்த படம், தவறிய ஒன்பது சிகிச்சைகள். கால் போனது, டாக்டர் பேச்சை மீறி அவரே தேடிக்கொண்டது என்பதற்குப் பதினாலு படங்கள். கடிதத்தை எழுதியது நான். அனுதாபத்தோடு எழுதினேன். மேலாளர் அதை மாதிரிக் கடிதமாக எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். ஏன் போனீர்கள் என்று கேட்கிறீர்கள். நலம் விசாரிக்க. அன்று கம்பெனி என்னை அனுப்பவில்லை. அதனால்தான் அதை முக்கியமாகக் கருதுகிறேன்.

மனைவி கதவைப் பாதிதான் திறந்தார். "இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு வந்தீங்க?"

உள்ளேயிருந்து, "யாரும்மா? சாரா? உள்ள வரச் சொல்லு," என்றார் அவர்.

சக்கர நாற்காலியில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்தார். தாள் இன்னும் அங்கேயே இருந்தது. சட்டமேதை மூலையில் உட்கார்ந்திருந்தார், வாய் திறக்கவில்லை. இரண்டாவது தவறைத் தவிர்க்க அவர் கற்றுக்கொண்டுவிட்டார்.

"அவ கோவத்துல பேசுவா சார், மனசுல வச்சுக்காதீங்க. எவனோ மறஞ்சிருந்து போட்டோ எடுத்திருக்கான். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? அன்னிக்கு உங்களுக்கே முடியல." கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "நெஞ்சு வலி எப்படி இருக்கு? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"பாத்துக்கலாம் தம்பி."

"பாத்துக்கலாம்னு சொல்லாதீங்க. உடனே காட்டணும். தள்ளிப்போடவே கூடாது," என்று கையை நீட்டி ஃப்ரிட்ஜைக் காட்டினார். "அதுதான் சார் முதல் தப்பு."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. யாருமே அதை நேராகக் கேட்கவில்லை. நீங்கள்தான் முதல் ஆள். ஆகவே நேராகவே சொல்கிறேன்: அன்று எனக்கு எந்த வலியும் இல்லை. எலும்பு கூடாத மனிதர் அந்தப் பெட்டியைத் தூக்கினால் என்ன ஆகும் என்று டாக்டரின் தாளில் தெளிவாக இருந்தது. நான் அதை இரண்டு முறை படித்திருந்தேன்.

ஆனால் இந்தப் பெட்டி விஷயத்தில் ஒரு திருத்தம் உண்டு. ஆதாரத்துக்காகத்தான் வாங்கினேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு பெட்டியை நானே மேலே கொண்டுபோய், பக்கத்து வீட்டு அம்மாவிடம் நின்ற குழந்தை கையில் ஒன்று கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அவர் அவ்வளவு பத்திரமாக இறக்கி வைத்திருந்தார். ஒரு பழம்கூட அடிபடவில்லை.