ஸத்யபாமா உட்கார்ந்த மூன்று மணி நேரம்

தலைமையேற்றிருக்கும் கௌரம்மா அவர்களே, ஸத்யபாமாவைப் பெற்ற தாயாரே, அரைநாள் விடுப்புப் போட்டு நஞ்சன்கூட்டிலிருந்து வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தத் திருநாராயணனின் வணக்கம்.

குழந்தைகள் நல அலுவலகத்தில் சமூகப் பணியாளர் ஸத்யபாமாவுக்கு நான் பதினோரு வருடம் மேலதிகாரி. அவர் என்னை ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை, அது வேறு விஷயம்! முகம் பார்த்துப் பேசமாட்டார். என் சட்டைப் பட்டனிடம்தான் பேசுவார். தமக்கு ஆட்டிசம் என்று நேர்காணலிலேயே சொல்லிவிட்டார். "பார்த்தா கேக்க முடியாது, கேட்டா பார்க்க முடியாது. உங்களுக்கு எது வேணும் சார்?" என்றார். இப்படிக் கேட்டவரை வேலைக்கு எடுக்காமல் இருக்க முடியுமா? போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். நாற்பத்திரண்டு வயது. என்னம்மா அவசரம் உனக்கு?

என் தவறு ஒன்றை இன்று சொல்லியாக வேண்டும். கட்டட வேலைக்காகக் கொள்ளேகாலத்திலிருந்து மைசூருக்கு வந்தவர் பொன்னம்மா. அவர் மகள் ஜீவிதாவுக்குப் பேச்சு வராது; கையெல்லாம் காயம். நான் வீட்டுக்குப் போய் இருபது நிமிடம் இருந்தேன். தாய் பிள்ளையைத் தொடுவதே இல்லை, அடிக்கிறாள் போலிருக்கிறது, காப்பகத்தில் சேர்க்கலாம் என்று அறிக்கை எழுதினேன். "எம் புள்ளைய நா அடிக்கலீங்க" என்று பொன்னம்மா அழுதார். நான் நம்பினேனா? இல்லை.

மறுநாள் ஸத்யபாமா போனார். ஜீவிதாவுக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் தரையில் சும்மா உட்கார்ந்தார். பக்கத்து மனையில் கான்கிரீட் மிஷின் ஓடத் தொடங்கியதும் பிள்ளை தன் கையைத் தானே கடித்தாள். ஓடிவந்த பொன்னம்மா அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. ஒரு போர்வையை அருகில் வைத்துவிட்டு விலகி நின்றார். பிள்ளை அதற்குள் புகுந்து அடங்கினாள்.

ஸத்யபாமா நேரே என் மேசைக்கு வந்தார். "தொட்டா அந்தக் குழந்தைக்கு எரியும் சார். எனக்கும் எரியும். அந்த அம்மா ஆசையை அடக்கிண்டு தள்ளி நிக்கறா. எங்கம்மாவும் அப்படித்தான் நின்னா. இதைக் கிழிச்சுப் போடுங்கோ."

கிழித்தேன் ஐயா! முப்பது வருட அனுபவத்தோடு ஒரு தாயையும் பிள்ளையையும் பிரிக்கப் போனவன் நான். அவர் தம் உடம்பால் அறிந்ததை நான் எந்தப் பாடத்தில் படித்திருப்பேன்?

அன்று முதல், பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்காராமல் எந்தப் பிள்ளையைப் பற்றியும் நாங்கள் ஒரு வரி எழுதுவதில்லை. அந்த வழக்கம் அவரோடு போகாது. அவருடைய தாயாரின் முன்னால் இந்த உறுதியைச் சொல்கிறேன்.

இனி இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி. ஜீவிதா தன் அம்மாவோடு கடைசி வரிசையில் இருக்கிறாள். அவள் குரல் எழுப்புவாள். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம், அதட்ட வேண்டாம். சும்மா இரு என்று ஸத்யபாமா அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

எழுந்து நிற்போம்.