நூற்று முப்பது வயது

மடக்குக் கத்தியைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்வது நல்லது. உங்கள் காவலர் பிஸ்கட் தின்ற கையோடு எடுத்து உறையில் போட்டார். மேலே 'பழைய கத்தி ஒன்று' என்று எழுதியும் ஒட்டிவிட்டார். அபாரமான ஆராய்ச்சி.

கேட்டதற்கு வருகிறேன் ஐயா. முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தினேன். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவனுக்கு ஓய்வு பெற்றபின் கை சும்மா இருக்குமா? தாத்தா விட்டுப்போனது, மாமா கொடுத்தது என்று மடக்குக் கத்திகளைக் கொண்டுவருவார்கள். நான் வயது சொல்வேன். அலகின் அடியில் பட்டறை முத்திரை இருக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை அதை மாற்றுவார்கள். தீட்டித் தீட்டி அலகு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். பிடியில் சந்தேகம் வந்தால் சூடான ஊசியை வைப்பேன். கொம்பு என்றால் முடி கருகும் வாடை வரும். சேகரிப்பாளர் சங்கத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அன்பாகத்தான் வைத்திருப்பார்கள்.

என் கத்தி, அப்பா கடைசிக் காலத்தில் கொடுத்தது. "உன் கொள்ளுத்தாத்தாவோடது. மூத்தவன் உனக்குத்தான்" என்றார். முத்திரை அழிந்திருந்தது. நூற்று முப்பது வயது என்று முடிவு செய்தேன். ஆராய்ந்துதான் சொன்னேன், ஆராயும்போது அப்பா சொன்னது காதில் ஒலித்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. ஊசி மட்டும் வைக்கவில்லை. பெற்றவர் கொடுத்ததைச் சுடலாமா? சங்கத்தின் கண்காட்சியில் அதை நடுப்பெட்டியில் வைப்பதாக ஏற்பாடு. வயதும் என் பெயரும் போட்ட அட்டை அச்சாகிவிட்டது. நானே பிழை திருத்தினேன்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகலில் தம்பி வந்தான். பம்பு மெக்கானிக். நெஞ்சுவலிக்காரன். மூன்று மாடி ஏறிவந்த மூச்சிரைப்போடு சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் என் மேசைமேல் வைத்தான்: சாவி, டேப், நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை, எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு மடக்குக் கத்தி. அந்தக் கத்தியால்தான் பதினைந்து வருடமாக ரப்பர் வாஷர் வெட்டுகிறான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காத. கொள்ளுத்தாத்தா கத்தி இதுதான். அப்பா என்கிட்ட குடுத்துட்டு, அண்ணன்கிட்ட சொல்லிடாதடான்னாரு."

"அப்ப என்னோடது?"

"நான் ஆறாவது படிக்கிறப்போ அப்பா கடையில வாங்குனது. நானும் கூட இருந்தேன். பிடி பிளாஸ்டிக்குண்ணே."

"உனக்கு எதுக்குக் குடுத்தாராம்?"

"நீ வச்சுப் பாத்துக்கிட்டே இருப்ப, நான் வேலைக்கு எடுப்பேன்னாரு. விடுண்ணே. நாலு பேர் உன்னப் பாத்துச் சிரிக்கக் கூடாது. இதையே பெட்டியில வை, நீயே வச்சுக்க. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

அவன் கத்தியைத் துடைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கொம்புப் பிடி. பாதியாகத் தேய்ந்த அலகு. முத்திரை தெளிவாக இருந்தது. நூற்று முப்பது, கூடக்குறைய ஓரிரண்டு. எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். கொஞ்சம் சத்தம் போட்டேன் என்பது உண்மை. கீழ்வீட்டு அம்மாளின் காது நல்ல காது. அப்பாவைக் கேட்க வேண்டியதையெல்லாம் இவனைக் கேட்டேன். அவர் இல்லையே.

அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முகமெல்லாம் வியர்வை. "அண்ணே, குடு" என்று கையை நீட்டினான். எதை என்று சொல்லவில்லை. வாக்கியம் முழுமையாக இல்லை.

பிறகு சாவி, டேப், என் கத்தி மூன்றையும் அவன் சட்டைப்பையில் வைத்துவிட்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டேன். கண்காட்சியில் அவன் கத்தியை வைத்தேன். அட்டையில் ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கை தட்டினார்கள்.

தம்பி மனைவிக்கு முத்திரையும் தெரியாது, கொம்பும் தெரியாது. சட்டைப்பையில் இருந்த கத்தியை வாங்கிய கையோடு, "இது அவரோடது இல்ல" என்றாளாம். ஒரே பார்வை. சங்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

மாத்திரையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவன் கை நீட்டியபோது அது என் கையில்தான் இருந்தது. நான்தான் மேசையிலிருந்து எடுத்தேன். காலாவதியான மாத்திரையைக் கூடப்பிறந்தவனுக்குக் கொடுக்க முடியுமா? தேதி பொடி எழுத்தில் இருந்தது. லென்ஸை எடுத்து, துடைத்து, நிதானமாகப் படித்தேன். இன்னும் எட்டு மாதம் இருந்தது. நல்ல மாத்திரைதான். நிமிர்ந்து பார்த்தேன், அவனுக்குத் தேவைப்படவில்லை.