தூங்குமூஞ்சி மரத்துப் பருந்து

இல்லம்மா, நாய் இல்ல. நாய் எப்படி உச்சந்தலையில கடிக்கும்? பருந்து. இங்க சீல் சீல்னு சொல்லுவாவள்லா, அதேதான். நகத்தால கிழிச்சிட்டுப் போயிருக்கு. நீங்க பாட்டுக்குத் தையுங்க, நான் அசைய மாட்டேன். வெளிய போர்டுல சண்முகவடிவுன்னு பேரப் பாத்தேன், நம்ம பக்கத்து டாக்டரம்மான்னு உள்ள ஏறிட்டேன். இதையெல்லாம் ஹிந்தியில சொல்ல இன்னைக்கி எனக்கு வாய் வராது.

பேரு ஸ்டெர்லின். வயசு நாப்பத்தொண்ணு. வீடு தாராவி. வேலையா? ராஜாளி பழக்குதது. சிரிக்காதீங்கம்மா, நெசமாத்தான். துபாய்ல ஒரு ஹோட்டல்ல ஆறு வருசம் அதான் பாத்தேன். ராஜாளியப் பறக்க விட்டா புறா ஒண்ணும் கிட்ட வராது. இங்கயும் இப்ப அதுக்குக் கம்பெனி வந்தாச்சு. ரெண்டு தெரு தள்ளி இருவத்திரெண்டு மாடி பில்டிங் இருக்குல்லா, அங்கதான் டூட்டி. புறாவ விரட்டுதவன் நான், என்னயப் போயி புறாக்காரன், கபூத்தர்வாலாங்கான் வாட்ச்மேன். கேட்டாலே எரியும்.

லில்லின்னு என் பறவ. வெளிநாட்டுல கூண்டுல பொரிச்சது, பேப்பரெல்லாம் உண்டு. எட்டு மாசம் பழக்குனேன் டாக்டரம்மா. காலம்பற அஞ்சரைக்கு மான்கூர்டு தாண்டி வெட்டவெளிக்குக் கொண்டு போவேன். அவ கால்ல நீளக் கயிறு. என் கையில தோல் உறை, அதுல ஒரு துண்டு கறி. விசிலடிச்சா வந்து உக்காரணும். மொதல்ல பத்தடி, பொறவு அம்பதடி. தெனமும் எடை பாக்கணும். வயிறு நெறஞ்சிருந்தா திரும்பி வராது, ரொம்பப் பட்டினி போட்டா செத்துரும். கயித்த அவுத்து விட்ட அன்னைக்கி கண்ணுக்குத் தெரியாத தூரம் போயிட்டா. விசிலடிச்சேன். வந்துட்டா. எம் பொண்டாட்டி சுஜா சண்டைக்கு வருவா, பிள்ளைக்கு காய்ச்சல்னா லீவு கெடைக்கல, அதுக்கு காய்ச்சல்னா மூணு நாள் கெடைக்குதோன்னு.

சனவரியில பில்டிங் கேட்டுப் பக்கம் இருக்க தூங்குமூஞ்சி மரத்துல ஒரு சோடிப் பருந்து கூடு கட்டிட்டு. எங்க முதலாளி நகுல்ட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். சார், குஞ்சு பறந்து போற வரைக்கும் லில்லிய இங்க விட வேண்டாம், கூடு வச்ச பருந்து பக்கத்துல எதையும் பறக்க விடாதுன்னு. இருவத்தேழு வயசுப் பையன். ராஜாளி வேட்டைக்காரி, சீல் குப்ப பொறுக்குதது, இதுக்குப் போயி பயப்படுதியாங்கான். ஏல, ஒங்கிட்ட இருக்கது ஒண்ணு. அங்க இருக்கது ரெண்டு. பிள்ளைய வேற வச்சிருக்கு!

பில்டிங் சொசைட்டி செக்ரட்டரி திருவேங்கடம்னு ஒருத்தர், பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. அவரு சொல்லுதாரு, ஒரு கழிய எடுத்து அந்தக் கூட்டத் தட்டி விட்டுடேம்ப்பா, தொல்லை விட்டுதுன்னு. எனக்கு வந்துச்சே கோவம். உள்ள குஞ்சு இருக்கும் சார், போலீஸ் கேசும் ஆவும், அந்தப் பாவத்த நான் செய்ய மாட்டேன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டேன்.

போன ஞாயித்துக்கிழம மெம்பருங்க எல்லாரும் மொட்டமாடியில போனத் தூக்கிட்டு நிக்காவ. நகுல் வீடியோ எடுக்க ஆளோட வந்திருக்கான். முடியாதுன்னேன். நீ விடலன்னா வேற ஆள வச்சு விடுவேன்னான். வேற ஒருத்தன் கையில அவள எப்படிக் குடுக்க? நானே விட்டேன். தண்ணி டேங்க்ல இருந்து புறாவெல்லாம் கலையுது, அவ பின்னால போறா. மேல இருந்து ஒரு பருந்து வந்து விழுது. அதுக்குத் தப்பி ஒதுங்குனா, அடியில இருந்து இன்னொண்ணு. நான் விசிலடிக்கேன், அடிக்கேன்... விசில் கேட்டு எம் பக்கம் திரும்புனா டாக்டரம்மா. திரும்புன நேரத்துலதான் அடி விழுந்துச்சு.

கார் பார்க்கிங்ல கெடந்தவள எடுத்தேன். பரேல்ல பறவ ஆஸ்பத்திரி இருக்குன்னு டாக்சி புடிச்சு ஓடுதேன், சயான் சிக்னல்ல மடியிலயே போயிட்டா. அந்நேரம் போன் அடிக்கி. செக்ரட்டரி. அடுத்த பறவ எப்ப வரும்னு கேக்காரு. நகுல் ஒரு மெசேஜ் போட்டிருக்கான், நடந்தத யார்ட்டயும் பேசாதன்னு. லில்லிக்கு எப்படி இருக்குன்னு ஒரு நாயி கேக்கல!

என்ன கேட்டீய? எல்லாரும் அந்த மரத்தடியிலதான போறாவ, என்னய மட்டும் ஏன் அடிக்குன்னா?

ம்... வலிக்கல, தையுங்க.

வாட்ச்மேன் போறான், பால்காரன் போறான், ஸ்கூல் பஸ்ஸுக்குப் பிள்ளைங்க நிக்கி. ஒருத்தரையும் தொடாது. நான் கேட்டுப் பக்கம் வந்தாப் போதும். அஞ்சு நாளா இதான். சட்டைய மாத்திப் பாத்தேன், பின்கேட்டு வழியா வந்தேன், ஹெல்மெட்ட மாட்டிட்டு வந்தேன். அதுக்கு ஆளு தெரிஞ்சிருக்கு.

கூட்டத் தட்டி விட்டது செக்ரட்டரியான்னா? இல்ல, அவரு இல்ல. நாந்தான். ஒருத்தரும் சொல்லல. லில்லியப் பொதச்சிட்டு நேரா பில்டிங்குக்கு வந்தேன். மூணாவது மாடிப் படிக்கட்டு ஜன்னல்ல இருந்து கூடு எட்டுச்சு. பெயிண்டருங்க போட்டு வச்சிருந்த கழியால குத்தித் தள்ளிட்டேன். ரெண்டு குஞ்சு. கீழ எறங்கிப் போயிப் பாக்கேன், ஒண்ணுக்கு உசிரு கெடக்கு. என்னயப் பாத்து வாயத் தொறக்கு டாக்டரம்மா. நான் கறி கொண்டாந்திருக்கேன்னு நெனச்சிட்டு.

இன்னைக்கி ஹெல்மெட்ட நானேதான் கழட்டிட்டு அந்த மரத்தடியில நின்னேன்.

முடிஞ்சிட்டா? தலைக்குத் தண்ணி ஊத்தலாமா?