சாக்குக்குள் என் முறை

தண்ணீர் லாரி எங்கள் தெருவுக்குச் சொன்ன நேரத்தில் வந்ததே இல்லை, ஐயா. குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, அது வரும்வரை பிள்ளைகள் விளையாடுவோம்.

சண்டைக் காலத்தில் சிப்பாய்கள் தெருவையே வரிசையில் நிறுத்துவார்கள். சாக்கால் முகம் மறைத்த ஒருவர் ஜீப்பில் இருப்பார். அவர் யாரைப் பார்த்துத் தலையாட்டினாரோ, அவர் வீடு திரும்பியதில்லை. அதைத்தான் விளையாடினோம், முறைவைத்துச் சாக்கை மாட்டிக்கொண்டு. முதலில் பெரியவர்கள் திட்டினார்கள். சண்டை முடிந்ததும் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். ஜீப்பில் சாக்குக்குள் இருந்தது யார் என்பதே தெரு முழுக்கப் பேச்சு.

"புள்ளைங்களுக்கு எல்லா வீட்டுச் சங்கதியும் தெரியும்டி. சும்மா தலையாட்டுமா?" என்றாள், தம்பியைப் பறிகொடுத்த தையல்கார அக்கா.

எனக்குத் தெரியும். ஜீப்பில் பார்த்த கைகளில், நகத்தோரம் புத்தகம் ஒட்டும் பசை காய்ந்திருந்தது. அவை என் அப்பாவின் கைகள். எங்கள் வீட்டில் ஏன் யாரையும் பிடித்துப்போகவில்லை என்று தெருவில் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அப்பா தட்டில் கை வைத்த வேகத்தில் எழுந்துவிடுவார்.

அன்று என் முறை. எதிரே சைக்கிள் கடை மாமா. மனைவி இல்லாதவர், ஒரே மகள், என்னைவிடச் சின்னவள். அவர் வீட்டிலும் யாரையும் பிடித்துப்போகவில்லை. யோசித்துத்தான் தலையாட்டினேன்.

"என்னையா புடிச்சே? சரிம்மா, இந்தப் பஞ்சரை மட்டும் ஒட்டிட்டு வந்துடறேன்" என்று இரண்டு கைகளையும் தூக்கினார். அவர் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

தையல்கார அக்கா குனிந்து, "நிஜமாவா கண்ணு?" என்று மெல்லக் கேட்டாள்.

இன்னொரு முறை ஆட்டினேன்.

அவரைக் கடைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே சத்தம் ஓயும்வரை அவர் மகளின் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தது நான்தான். லாரி வந்ததும் அவள் குடத்தையும் நானே பிடித்துவைத்தேன்.

அப்பா அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். "இனிமே இவ உன் தங்கச்சி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். போன வாரம் அவள் அவரை முதன்முதலாக "அப்பா" என்று கூப்பிட்டாள். அன்றே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்து, சாக்குக்குள் இருந்தது தான்தான் என்று சொல்லிவிட்டார். அவருக்காகத்தானே செய்தேன், அதைக்கூட நினைத்துப் பார்க்கவில்லை. இனி நான் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஐயா. எந்த இல்லத்துக்கு அனுப்பினாலும் அவளையும் என்னையும் சேர்த்தே அனுப்புங்கள். தூக்கத்தில் அழுவாள், தட்டிக்கொடுக்க வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?